ஒரு கிராம் ஹெராயினும் இருபது ஆண்டுச் சிறையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய அரசுச் சட்டப்படி, ஹெராயினையோ கொக்கெய்னையோ சொற்ப அளவில் இன்னொருவருக்குக் கொடுத்த குற்றத்திற்கு நீதிபதி விதிக்கக்கூடிய சிறைத்தண்டனை பூஜ்யத்திலிருந்து இருபது ஆண்டு வரையில் எதுவாகவும் இருக்கலாம். குற்றவாளியின் வயது, வறுமை, அவனையே பிடித்திருக்கும் போதைப் பழக்கம், அவன் காட்டும் பச்சாத்தாபம் ஆகிய யாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து, அந்த நீண்ட எல்லைக்குள் எந்த இடத்திலும் நீதிபதி தம் பேனாவை நிறுத்தலாம். ஆனால் அவ்வாறு கொடுக்கப்பட்ட பொருளை உட்கொண்டவர் அதனால் மாண்டுபோனார் என்று நிரூபணமாகிவிட்டால், அதே அளவுக்கு, அதே மனநிலையில் செய்த அதே காரியத்திற்கு, உச்சவரம்பாக இருந்த இருபது ஆண்டு குறைந்தபட்சமாக மாறிவிடுகிறது. மேலே ஆயுள் முழுவதும் போகலாம், கீழே ஒரு நாளும் இறங்க முடியாது. போதைப்பொருள் சம்பந்தமான பெருங்குற்றம் ஒன்றில் முன்பே தண்டனை பெற்றவராயின் ஆயுள் சிறை ஒன்றே வழி. 1987 நவம்பருக்குப் பிறகு செய்த குற்றங்களுக்கு மத்திய அரசுச் சிறைகளில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்காக ஆண்டுக்கு 54 நாள் வரை கழிக்கப்படலாம், அவ்வளவே.

ஒரே இரவில், ஒரே பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கு விற்ற ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். வாங்கியவர்களில் ஒருவர் காலையில் கண் விழிக்கிறார், மற்றவர் விழிக்கவில்லை. விற்றவன் செய்த காரியத்தில் அணுவளவும் பேதமில்லை. பேதம் முழுவதும் விளைவில் இருக்கிறது. விளைவைக் கொண்டு குற்றத்தை அளப்பது நியாயமா என்ற வினா நீதி சாஸ்திரத்தில் மிகப் பழையது. அதற்கு அவசரமாக விடை சொல்லிவிடவும் முடியாது. ஏனெனில் மறுபக்கத்தில் பிணவறையில் தன் மகனை அடையாளம் காட்டிவிட்டு வந்த ஒரு தாய் நிற்கிறாள். விற்றவனுடைய எண்ணம் மட்டுமே நீதிமன்றத்துக்கு முக்கியம், உன் மகன் செத்தது வெறும் தற்செயல் என்று அவளிடம் யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மரணத்தைக் கணக்கில் சேர்த்தே தீரவேண்டும். எப்படிச் சேர்ப்பது, அதில் அந்தத் தாய்க்கு உரிய பங்கு என்ன என்ற இரண்டு வினாக்களிலும் அந்நாட்டுச் சட்டம் தடுமாறியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தண்டனை விஷயத்தில் அளவுக்கு மீறிய கடுமையும், நஷ்டஈட்டு விஷயத்தில் அளவுக்கு மீறிய அலட்சியமும் அங்கே ஒன்றாக வாழ்கின்றன.

சட்டம் பிறந்த கதை ஒரு விளையாட்டு வீரரின் மரணத்தோடு பிணைந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் லென் பயஸ், 1986 ஜூன் 17ஆம் தேதி, பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற புகழ்பெற்ற தொழில்முறை அணியினரால், அவ்வாண்டு நாடு முழுவதிலிருந்தும் எடுக்கப்பட்ட வீரர்களில் இரண்டாமவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜூன் 19ஆம் தேதி, கல்லூரி விடுதியில் நண்பர்களுடன் கொக்கெய்ன் உட்கொண்டதன் விளைவாக இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 22. நாடே திடுக்கிட்டது. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் டிப் ஓ’நீல் பாஸ்டன் பகுதியின் பிரதிநிதி. தேர்தலோ நவம்பரில் வரவிருந்தது. துக்கமும் தேர்தலும் சேர்ந்து உந்த, சாவகாசமாக ஆராய்ந்து இயற்றவேண்டிய தண்டனைச் சட்டம் ஒரு கோடைகாலத்துக்குள் எழுதி முடிக்கப்பட்டு, அக்டோபர் 27ஆம் தேதி ஜனாதிபதி ரீகனின் கையெழுத்தையும் பெற்றுவிட்டது. மரணத்துக்கும் சட்டத்துக்கும் இடையே கழிந்தவை நான்கு மாதங்களும் சில நாட்களுமே. பயஸுக்குக் கொக்கெய்ன் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நண்பரை மறு ஆண்டு மேரிலாந்து ஜூரர்கள் குற்றமற்றவர் என்று விடுவித்துவிட்டார்கள். அந்த மரணத்தால் விளைந்த சட்டம் மட்டும் நாற்பது ஆண்டாக நிலைபெற்று நிற்கிறது. மாநிலங்கள் பலவும் தத்தம் சட்டங்களை இதே வழியில் இயற்றிக்கொண்டன. நியூ ஜெர்சியில் இத்தகைய மரணத்துக்குப் பத்து முதல் இருபது ஆண்டு வரை தண்டனை உண்டு. பென்சில்வேனியாவில் நாற்பது ஆண்டு வரை விதிக்கலாம்.

சிறிய குற்றவாளிகள் கட்டாயத் தண்டனையின் பாரத்தால் நசுங்கிப்போவதைக் கண்டு, 1994இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு விலக்கை ஏற்படுத்தியது: முந்தைய குற்றங்கள் அதிகம் இல்லாதவராய், வன்முறையில் ஈடுபடாதவராய், உண்மையைச் சொல்லிவிடுபவராய் இருந்தால், போதைப்பொருள் வழக்குகளில் குறைந்தபட்சத்துக்குக் கீழேயும் நீதிபதி இறங்கலாம். குற்றத்தின் விளைவாக மரணமோ கடுமையான தேக காயமோ நேர்ந்திருந்தால் இந்த விலக்கும் செல்லாது. அப்பொழுது எஞ்சியிருக்கும் ஒரே வழி அரசுத் தரப்பு வழக்கறிஞரின் தயவு. குற்றவாளி தனக்கு மேலே உள்ள வியாபாரிகளைக் காட்டிக்கொடுத்து விசாரணைக்குக் கணிசமாக உதவினால், அரசுத் தரப்பே மனுச் செய்து நீதிபதியின் கையை அவிழ்த்துவிடலாம். காட்டிக்கொடுக்கப் பெயர்கள் வைத்திருப்பவன் வியாபாரத்தில் ஓரளவு மேலே இருப்பவன். தன் அன்றாடப் பழக்கத்துக்குக் காசு தேட நாலு பேருக்கு விற்றுத் திரியும் கடைசி ஆளுக்குச் சொல்வதற்கு எந்தப் பெயரும் இருப்பதில்லை. ஆகவே, குற்றத்தில் தாழ்ந்தவனுக்குத் தண்டனையில் முழு இருபது ஆண்டும், உயர்ந்தவனுக்கு அதற்குக் குறைவும் கிடைக்க இந்தச் சட்டமே வழி செய்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறந்தவருடைய குடும்பத்தார் தண்டனை விதிக்கும் நாளில் நீதிமன்றத்தில் எழுந்து பேசும் உரிமை பெற்றிருக்கிறார்கள். அவர்கள் கடுமையை வேண்டினால் நீதிபதி செவிசாய்க்கலாம். ‘இவனும் என் மகனோடு ஒரே பள்ளியில் படித்தவன், இவனுக்குச் சற்று இரங்குங்கள்’ என்று வேண்டினாலோ, கேட்டுக்கொள்வதைத் தவிர இருபது ஆண்டுக்குக் கீழே அவரால் எதுவும் செய்ய முடியாது.

இவ்வாறு வேண்டக்கூடிய தாய் கற்பனைக்கு உரியவள் என்று எண்ணிவிடக் கூடாது. மத்திய அரசுச் சட்டத்தில் ‘விநியோகம்’ என்பதற்குப் பணம் கைமாறவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தன்னிடம் இருந்ததில் பாதியைத் தோழனுக்குக் கொடுத்தவனும் விநியோகித்தவனே. இருவர் சேர்ந்து போய் ஒரே நேரத்தில் தங்களுக்கென்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால் அது விநியோகம் ஆகாது என்று 1977இல் நியூயார்க்கில் உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒருவன் தெருமுனைக்குச் சென்று வாங்கி வர, மற்றவன் அறையில் காத்திருந்தான் என்றால், அந்தப் பாதுகாப்பு கிடைப்பது சந்தேகந்தான். போதையில் ஊறியவர்களின் உலகத்தில் வாங்குபவன், கொடுப்பவன் என்ற பேதம் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்கும். இன்று பணம் கிடைத்தவன் வாங்கி வருவான், நாளை மற்றவன். சகோதரன், காதலி, அறைத்தோழன் என்ற உறவினரே பல வழக்குகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

உயிர் ஊசலாடும் அந்த அறையில் சட்டம் என்ன செய்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அபின் வகைப் பொருளை அளவுக்கு மீறி உட்கொண்டவருக்கு முதலில் மூச்சு மந்தப்படும். உதடும் நகக்கண்களும் நீலம் பாரிக்கும். தொண்டையில் குறட்டை போன்ற ஓர் ஒலி எழும். பிறகு அதுவும் நிற்கும். இந்த நேரத்துக்குள் நலாக்சோன் என்ற மாற்று மருந்தை மூக்கில் பீய்ச்சினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். 2023 முதல் அமெரிக்க மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே அது கிடைக்கிறது. அந்தக் கணத்தில் அருகில் இருக்கக்கூடியவர் யார்? பெரும்பாலும் பொருளைக் கொடுத்தவரே. உதவிக்கு அழைப்பவரைத் தண்டனையிலிருந்து காக்கும் சட்டத்தை 2007இல் நியூ மெக்சிகோ மாநிலம் முதன்முதலாக இயற்றியது. பிற மாநிலங்கள் ஏறக்குறைய யாவும் பின்பற்றின. ஆயினும் அவை பெரும்பாலும் போதைப்பொருளைக் கையில் வைத்திருந்த குற்றத்தைத்தான் மன்னிக்கின்றன. கொடுத்து மரணம் விளைவித்த குற்றத்தை மன்னிப்பதில்லை. இருபது ஆண்டு என்ற எண் அந்த அறையில் தொலைபேசியை எடுக்கப்போன கையை ஒரு நிமிஷம் தயங்க வைக்குமானால், அந்த ஒரு நிமிஷத்துக்கு இந்தச் சட்டம் பதில் சொல்லவேண்டும்.

இனி, மரணத்துக்குக் காரணம் எது என்று நிரூபிக்கும் விஷயம். இதில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 27ஆம் தேதி அளித்த பர்ரேஜ் வழக்குத் தீர்ப்பே இன்றுவரை வழிகாட்டி. ஐயோவா மாநிலத்தில் நெடுங்காலமாகப் போதைக்கு அடிமைப்பட்டிருந்த ஒருவர், 2010 ஏப்ரலில், ஒரு நாள் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பொருள்களை உட்கொண்டார்: கஞ்சா புகைத்தார், திருடி வந்த ஆக்சிகோடோன் வலிமாத்திரைகளைப் பொடித்து ஊசியில் ஏற்றிக்கொண்டார், பிறகு பர்ரேஜ் என்பவரிடம் ஒரு கிராம் ஹெராயின் வாங்கி, அதையும் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டார். சில மணி நேரங்களுக்குப் பின் மனைவி அவரைக் குளியலறையில் பிணமாகக் கண்டாள். உடலில் ஹெராயினின் சிதைபொருள்கள், ஆக்சிகோடோன், பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் என்று ஒரு கலவையே இருந்தது. வாங்கிய ஹெராயினில் பாதிக்கு மேல் வீட்டிலேயே மிஞ்சியும் கிடந்தது. சாட்சி சொன்ன இரு மருத்துவ நிபுணர்களும், ஹெராயின் மரணத்துக்குத் துணைபோனது என்றார்கள். ஹெராயின் இல்லாதிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்டபோது, திட்டமாகச் சொல்ல முடியாது என்றார்கள். துணைக் காரணமாக இருந்தாலே போதும் என்று நீதிபதி ஜூரர்களுக்குச் சொல்ல, பர்ரேஜுக்கு இருபது ஆண்டு விதிக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தத் தண்டனை உயர்வு செல்லாது என்ற முடிவுக்கு வந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ஆண்டனின் ஸ்காலியா. குற்றவாளிகளுக்கு இரங்குகிறவர் என்று பெயரெடுத்தவர் அல்லர், சட்டத்தின் சொற்களை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொள்ளும் பழமைவாதி. மரணம் இந்தப் பொருளால் ‘விளைந்தது’ என்று சட்டம் சொல்லுமானால், இந்தப் பொருள் இல்லாதிருந்தால் மரணம் நேர்ந்திராது என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும் என்பது அவர் கண்ட பொருள். அதற்காக அது ஒன்றே காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. பல வியாதிகளால் நலிந்து கிடக்கும் ஒருவனுக்கு விஷம் கொடுக்கப்பட்டு அவன் மடிந்தால், வியாதிகளும் அவன் மரணத்தில் பங்கு கொண்டிருந்தபோதிலும், அந்த விஷம் சேராதிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்றால், விஷமே மரணத்துக்குக் காரணம் என்று அவரே விளக்கினார். துணை செய்தது என்பதோடு நின்றுவிட்டால் மட்டும் போதாது. ஒரு மனிதனின் வாழ்வில் இருபது ஆண்டைப் பறிப்பதற்கு இதைவிடக் குறைந்த நிரூபணம் எவ்விதத்திலும் தகாது என்றே நானும் கருதுகிறேன்.

இந்த நிரூபணம் எவ்வளவு கடினம் என்பது பிரேதப் பரிசோதனை மேஜையில் விளங்கும். இரத்தத்தை இருதயத்திலிருந்து எடுக்கமாட்டார்கள், தொடையில் ஓடும் இரத்தநாளத்திலிருந்து எடுப்பார்கள். ஏனெனில் மரணத்துக்குப் பிறகு ஈரலிலும் நுரையீரலிலும் தங்கியிருந்த மருந்து மெல்லக் கசிந்து இருதயத்து இரத்தத்தில் சேர்ந்து, அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஹெராயின் உடலில் நுழைந்த சில நிமிஷங்களில் வேறொரு பொருளாகச் சிதைந்து, பிறகு மார்பினாகிவிடும். அந்த இடைநிலைப் பொருள் தென்பட்டால்தான், இது மருத்துவமனை மார்பின் அன்று, தெரு ஹெராயின் என்று நிச்சயிக்கலாம். அளவை மட்டும் கொண்டும் எதையும் முடிவு கட்ட முடியாது. தினந்தோறும் ஏற்றிக்கொள்பவனின் உடல் தாங்கும் அளவு, சிறையிலோ சிகிச்சை நிலையத்திலோ சில வாரம் ஒதுங்கியிருந்துவிட்டு வெளியே வந்தவனைக் கொன்றுவிடும். ஃபென்டானில் வந்த பிறகு இந்தக் கணக்கு ஒருவகையில் எளிதாகவும் மற்றொரு வகையில் கொடிதாகவும் ஆகிவிட்டது. ஹெராயினைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு வீரியம் உடைய அப்பொருளில் இரண்டு மில்லிகிராமே உயிரைப் போக்கப் போதும் என்பார்கள்; ஆகவே அது இல்லாதிருந்தால் இவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல நிபுணர்கள் அவ்வளவாகத் தயங்குவதில்லை. ஆனால் தெருவில் விற்கும் கடைசி ஆளுக்குத் தன் பொட்டலத்தில் ஃபென்டானில் கலந்திருப்பதே பல வேளைகளில் தெரியாது. தெரிந்திருக்கவேண்டும் என்றும், மரணத்தை அவன் எதிர்பார்த்திருக்கவேண்டும் என்றும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வற்புறுத்துவதில்லை. அளவு மீறிய போதையால் 2022இல் மட்டும் அமெரிக்காவில் இறந்தவர்கள் 1,07,941 பேர். 2024இல் அத்தொகை ஏறத்தாழ 80,000ஆகக் குறைந்திருக்கிறது.

எந்தப் பொருள் கொன்றது என்பதைப் பொறுத்தும் சட்டம் வேறுபடுகிறது. ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரின் நடிகர் மாத்யூ பெரி 2023 அக்டோபர் 28ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் இறந்தது கெட்டமைனால். சட்டம் போதைப்பொருள்களை வகுத்திருக்கும் அட்டவணைகளில் அது மூன்றாவதைச் சேர்ந்ததாதலால், அதைக் கொடுத்து மரணம் விளைவித்தவருக்கு அதிகபட்சமே 15 ஆண்டு, குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை.

மரணத்தைக் கொடுத்தவன் தலையில் ஏற்றலாமா என்ற வினாவுக்குப் பிரிட்டனில், ஒரே தீவுக்குள், இரண்டு நாடுகள் இரண்டு விடை கண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1996இல் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஒருவர், தூக்கம் வருவதற்கு ஏதாவது கொடு என்று கேட்க, கென்னடி என்பவர் ஊசியில் ஹெராயினை நிரப்பி அவர் கையில் கொடுத்தார். அவர் தாமே ஏற்றிக்கொண்டு, காலி ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிறிது நேரத்தில் மூச்சு நின்று இறந்தார். கொலை அல்லாத மரணம் விளைவித்த குற்றத்துக்காகக் கென்னடிக்கு ஐந்து ஆண்டு விதிக்கப்பட்டது. வழக்கு பல ஆண்டு அலைந்து 2007இல் பிரபுக்கள் சபைக்கு வந்தபோது, பிங்ஹாம் பிரபுவின் தலைமையில் நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தார்கள்: வயது வந்த, அறிவு தெளிந்த ஒருவர், தாம் செய்வது இன்னதென்று அறிந்து சுயேச்சையாகத் தம் உடலில் ஊசியைச் செலுத்திக்கொண்டால், அந்தச் செயல் அவருடையது, கொடுத்தவனுடையது அன்று. கொடுத்தவன் தப்பிவிடவில்லை, ஹெராயின் விநியோகத்துக்கே அங்கே ஆயுள் வரை தண்டனை உண்டு. மரணத்தை மட்டும் அவன் தலையில் ஏற்றுவதில்லை. ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றமோ 2009இல் இந்தத் தீர்ப்பைப் பின்பற்ற மறுத்து, உட்கொண்டவரின் சுயேச்சையான செயல் காரண காரியத் தொடர்பை எப்போதும் அறுத்துவிடும் என்று கொள்ள முடியாது, ஒவ்வொரு வழக்கின் சந்தர்ப்பங்களையும் பார்க்கவேண்டும் என்றது. போதையின் பிடியில் தவிப்பவரின் கையில் எவ்வளவு சுயேச்சை மிஞ்சியிருக்கிறது என்ற வினா இருக்கும்வரை, இவ்விரண்டில் ஸ்காட்லாந்தின் வழியே உண்மைக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது; ஆனால் அங்கே அது நியாயமாக நடைபெறுவதற்குக் காரணம், தண்டனையின் அளவு நீதிபதியிடம் விடப்பட்டிருப்பதே.

இவ்வளவு வாதப் பிரதிவாதங்களுக்கு இடையில் இறந்தவரின் குடும்பம் எங்கே நிற்கிறது? பத்திரிகைகளில் வரும் வழக்குச் செய்திகள் இருபது ஆண்டோடு முடிந்துவிடுகின்றன. சவப்பெட்டிக்கும் அடக்கத்துக்கும் கடன் வாங்கியவர்கள், தந்தையின் சம்பளத்தை இழந்த குழந்தைகள் ஆகியோரின் கதை அதன் பிறகுதான் தொடங்குகிறது. 1982இல் இயற்றிய சட்டம், குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு செலுத்த உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நீதிபதிகளுக்குத் தந்தது. 1996இல் வந்த மற்றொரு சட்டம் வன்முறைக் குற்றங்களிலும் சொத்து, மோசடிக் குற்றங்களிலும் அந்த உத்தரவைக் கட்டாயமாக்கியது; குற்றவாளி பரம ஏழையாயினும் முழுத் தொகைக்கும் உத்தரவு போட்டே ஆகவேண்டும். போதைப்பொருள் விநியோகம் இந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. அது பழைய சட்டத்தின் கீழே, நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆக, ஒரு வங்கியை ஏமாற்றியவன் கடைசிக் காசு வரை திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது கட்டாயம். ஒரு குடும்பத்தின் தலைவர் உயிரிழக்கக் காரணமானவன் அடக்கச் செலவைக் கொடுக்கவேண்டும் என்பது கட்டாயமன்று. சிறைத்தண்டனையில் நீதிபதியின் கையைக் கட்டிய காங்கிரஸ், நஷ்டஈட்டில் அதே கையைத் தளர்த்தி விட்டிருக்கும் விபரீதம் இது.

அந்தப் பழைய சட்டத்துக்குள்ளும் ஒரு வாசகம் குடும்பத்தாரை வழிமறிக்கிறது. போதைப்பொருள் குற்றத்தில் பங்குகொண்டவர் எவரையும் அக்குற்றத்தால் பாதிக்கப்பட்டவராகக் கருதலாகாது என்பது அதன் கருத்து. வியாபாரிகள் ஒருவர்மேல் ஒருவர் நஷ்டஈடு கேட்டு வரக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட வாசகம் அது என்று கொள்வதே நியாயம். ஆயினும் காசு கொடுத்து வாங்கி உட்கொண்டவரும் பங்காளிதானே என்று வாதிட அது இடம் கொடுக்கிறது. மகனை இழந்தவர்கள், அவன் குற்றத்தின் பங்காளியா, பலியா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பதை நீதிமன்றத்தில் அமர்ந்து கேட்கவேண்டியிருக்கிறது. குறிப்பிட்ட ஒருவர் பாதிக்கப்பட்டார் என்று சொல்ல முடியாத போதைப்பொருள் வழக்குகளில், சமூகத்துக்கு நேர்ந்த தீங்குக்காக ஒரு தொகை விதித்து, அதில் 65 சதவிகிதத்தை மாநிலத்தின் குற்றப் பலிகள் உதவி நிதிக்கும், 35 சதவிகிதத்தைப் போதைத் தடுப்புச் சிகிச்சைக்கும் பிரித்துக் கொடுக்க அதே சட்டம் வகை செய்திருக்கிறது. முகமறியாத சமூகத்துக்கு இவ்வளவு திட்டமாகப் பங்கு வகுத்தவர்கள், முகமறிந்த குடும்பத்தை மட்டும் வாதத்துக்கு விட்டுவிட்டார்கள்.

வழக்குகள் முடியும் விதமும் குடும்பத்துக்குச் சாதகமாக இல்லை. அமெரிக்காவில் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை விசாரணைக்கே வருவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையோடு முடிந்துவிடுகின்றன. மரணத்துக்குக் காரணம் நிரூபிப்பது கடினமாகத் தோன்றினால், மரணம் என்ற அம்சத்தைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கிவிட்டு, சாதாரண விநியோகக் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளச் செய்வது அரசுத் தரப்பின் வழக்கம். இருபது ஆண்டுக் கட்டாயத்தின் நிழல் அப்போது பேரத்துக்கு உதவும் ஆயுதமாகிவிடுகிறது. எந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுகிறானோ அந்தக் குற்றத்தால் நேர்ந்த நஷ்டத்துக்கு மட்டுமே ஈடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1990இல் ஹியூகி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. குற்றப்பத்திரிகையிலிருந்து மரணம் போய்விட்டால், அடக்கச் செலவை எதனோடு இணைப்பது என்ற சங்கடம் அங்கே எழுகிறது. உடன்படிக்கையிலேயே நஷ்டஈட்டுத் தொகையை எழுதிச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்த உடன்படிக்கை அரசுத் தரப்புக்கும் குற்றவாளிக்கும் இடையே ஆவது. குடும்பத்தார் அதில் கையெழுத்திடுபவர்கள் அல்லர்.

எல்லாத் தடைகளையும் தாண்டி உத்தரவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2023இல் ஒரு சாதாரண அடக்கத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 8,300 டாலர். மத்திய அரசுச் சிறைகளில் அன்றாட வேலைக்குக் கைதிக்குக் கிடைக்கும் கூலி மணிக்கு 12 சென்ட் முதல் 40 சென்ட் வரை. உயர்ந்த கூலியான 40 சென்டையே பெற்று, அதில் ஒரு சென்டும் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல், வாரம் நாற்பது மணி நேரம் உழைத்தாலும், 8,300 டாலர் சேர்வதற்குப் பத்து ஆண்டு ஆகும். சிறைத் துறையின் திட்டப்படி கைதியிடம் பிடிக்கும் குறைந்தபட்சத் தொகை மூன்று மாதத்துக்கு 25 டாலர்; அந்தக் கணக்கில் வட்டியைச் சேர்க்காமலே 83 ஆண்டு ஆகும். விடுதலைக்குப் பின் இருபது ஆண்டு வரை கடன் அவனைத் தொடரும் என்பது சட்டம். இருபதுகளில் சிறை புகுந்து நாற்பதுகளில் வெளியே வரும், தொழில் கல்லாத, வேலை கொடுப்பார் இல்லாத ஒருவனிடமிருந்து என்ன வசூலாகும்? நீண்ட சிறைத்தண்டனையே நஷ்டஈட்டின் ஊற்றை அடைத்துவிடுகிறது. ஒருவனைச் சம்பாதிக்க முடியாத இடத்தில் இருபது ஆண்டு நிறுத்திவைத்துவிட்டு, அவனே கொடுக்கட்டும் என்று குடும்பத்திடம் சொல்வதில் கருணையும் இல்லை, கணக்கும் இல்லை.

பெரிய விநியோகஸ்தர்களுக்கு நேர்ந்ததையும் இதனருகே வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஆக்சிகான்டின் என்ற வலிமாத்திரையைத் தயாரித்த பர்டியூ பார்மா நிறுவனம், அடிமைப்படுத்தும் தன்மை அதற்குக் குறைவு என்று பொய்யாக விளம்பரப்படுத்திய குற்றத்தை 2007இல் ஒப்புக்கொண்டது. நிறுவனமும் அதன் மூன்று உயர் அதிகாரிகளும் சேர்ந்து செலுத்திய தொகை 63 கோடியே 45 லட்சம் டாலர். அதிகாரிகள் மூவரும் சிறை செல்லவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும், தலைக்கு 400 மணி நேரச் சமூக சேவையும் விதிக்கப்பட்டன. 2020இல் நிறுவனம் மறுபடியும் பெருங்குற்றங்களை ஒப்புக்கொண்டது. உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தார்மீது குற்ற வழக்கே தொடரப்படவில்லை. நிறுவனத்தின் திவால் வழக்கில் அக்குடும்பத்தாரை எல்லா உரிமை வழக்குகளிலிருந்தும் விடுவிக்க முன்வைக்கப்பட்ட ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், நிராகரித்தது. அந்த ஏற்பாட்டில் பாதிக்கப்பட்ட தனி மனிதர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது தலைக்கு 3,500 முதல் 48,000 டாலர் வரை. பர்ரேஜ் வழக்கில் இறந்தவரின் உடலில் இருந்த ஆக்சிகோடோன், இந்த ஆக்சிகான்டினின் மூலப்பொருளேதான். ஒரு கிராம் விற்றவனிடம் ‘இது இல்லாதிருந்தால் இவர் பிழைத்திருப்பாரா’ என்று ஒவ்வொரு மரணமாகக் கேட்கும் சட்டம், கோடிக்கணக்கில் விற்றவர்களிடம் அந்தக் கேள்வியை ஒரு மரணத்தைக் குறித்தும் குற்ற வழக்கில் கேட்கவில்லை.

செய்யவேண்டியவை எட்டாத காரியங்கள் அல்ல. பர்ரேஜ் தீர்ப்பு கேட்கும் கடுமையான நிரூபணம் அப்படியே இருக்கட்டும். அது நிரூபணமான பிறகு இருபது ஆண்டு என்ற கட்டாயத்தை நீக்கி, லாபத்துக்காக ஃபென்டானிலைத் தெரிந்தே கலந்து விற்றவனையும், தன் பங்கில் பாதியைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு அவன் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றவனையும் வேறுபடுத்தும் அதிகாரத்தை நீதிபதியிடம் திருப்பித் தரவேண்டும். உதவிக்கு அழைத்தவருக்கு உள்ள பாதுகாப்பு, கொடுத்தவருக்கும் எட்டவேண்டும். நஷ்டஈட்டுக்கு வழியும் கையருகிலேயே இருக்கிறது. 1984இல் ஏற்படுத்திய குற்றப் பலிகள் நிதிக்கு மக்கள் வரிப்பணம் போவதில்லை. மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளிகள் செலுத்தும் அபராதங்களே அதன் மூலதனம், அந்த அபராதங்களில் பெரியவை பெரிய நிறுவனங்களிடமிருந்து வருபவை. அடக்கச் செலவையும், குழந்தைகள் இருப்பின் அவர்கள் வயதுக்கு வரும்வரை ஆகும் பராமரிப்பின் ஒரு பகுதியையும், தீர்ப்பு எழுதிய மாதத்திலேயே அந்த நிதியிலிருந்து குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, குற்றவாளியிடமிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 25 டாலரை அரசாங்கம் தன் வரவில் வைத்துக்கொள்ளலாம். 83 ஆண்டு காத்திருக்க அரசாங்கத்தால் முடியும்.